டானரின் ‘பாஞ்சோப் பாடம்’: வன்னியில் அச்சிட்டு வாங்கிய கன்வஸ் பிரதி பற்றி

தண்ணீரூற்றில் நான் நடத்திவரும் மிருதங்க வகுப்பின் சுவருக்காக, அமெரிக்க ஓவியர் ஹென்றி ஒசாவா டானர் 1893ஆம் ஆண்டு வரைந்த ‘பாஞ்சோப் பாடம்’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தின் கன்வஸ் பிரதியொன்றைச் சென்ற ஆண்டு வவுனியாவில் அச்சிட்டு, ஒட்டுசுட்டானில் சட்டமடித்து மாட்டினேன். 20 அங்குல அகலமும் 27.6 அங்குல உயரமும் கொண்ட அந்தப் பிரதிக்கு அச்சுக்கூலி 6,800 ரூபா. சட்டத்துக்கு 5,500 ரூபா. அதற்கு முன்னர் வேறோர் இடத்தில் அச்சிட்டு வீணாய்ப்போன பிரதிக்குக் கொடுத்த 5,000 ரூபாவையும் சேர்த்துப் பார்த்தால், சங்கீத வகுப்பொன்றின் வருமானத்தில் வாழ்கிறவர் ஒரு படத்துக்காக இலகுவில் எடுத்துவைக்கக்கூடிய தொகையல்ல அது. ஆயினும் ஓராண்டும் ஒரு மாரியும் கடந்த பின்னர், அந்தச் செலவு தகும் என்றே சொல்வேன். இதே ஓவியத்தை வாங்க நினைக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் எனக்கு நேர்ந்த முதற்பிழையைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஓவியத்தில் நிகழ்வது மிகச் சிறிய ஒரு செயல். எளிய வீடொன்றின் அறையில் வெண்தாடி வைத்த முதியவர் ஒருவர் கதிரையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய முழங்கால்களுக்கு நடுவே ஒரு சிறுவன் நின்று பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியத்தை வாசிக்கப் பழகுகிறான். வாத்தியம் அவன் உடம்புக்குப் பெரிது. இருவரும் அமெரிக்கக் கறுப்பின மக்கள். இருவருடைய கண்களும் வாத்தியத்தின் மேல் கவிந்திருக்கின்றன. படத்தைப் பார்க்கும் நம்மை ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பின்னால் வெள்ளை விரிப்பிட்ட மேசையும் அதன்மேல் சில பாத்திரங்களும் தெரிய, முன்னால் வெறுந்தரையில் சட்டி கிடக்கிறது. அந்த வீட்டின் வறுமையை ஓவியர் மறைக்கவில்லை. அதைக் காட்டி நம்மிடம் இரக்கம் கேட்கவுமில்லை. வாசிப்பைத் தவிர வேறெதுவும் அந்த அறையில் அப்போது முக்கியமில்லை என்பதுபோல எல்லாப் பொருள்களும் பின்வாங்கி நிற்கின்றன.

அச்சிடுவோருக்கு இந்த ஓவியம் கடினமானது. அதற்குக் காரணம் அதன் வெளிச்சம். இடப்புறத்திலிருந்து யன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் வெண்மையும் நீலமுமாகக் குளிர்ந்து விழுகிறது. வலப்புறத்தில், படத்துக்கு வெளியே எங்கோ எரியும் கணப்படுப்பின் தீயொளி செம்மஞ்சளாகப் படர்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்திலேதான் முதியவரும் சிறுவனும் இருக்கிறார்கள். வைகாசி விசாகப் பொங்கலன்று வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் முற்றத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பானை வைத்துக் குனிந்திருக்கும் ஒரு தாயின் முகத்தில் ஒரு பாதி நிலவாலும் மறுபாதி அடுப்புத் தீயாலும் துலங்குவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த இரண்டு ஒளிகளில் ஒன்றை எடுத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும். டானரின் ஓவியமும் அப்படித்தான். பிரதி நல்லதா கெட்டதா என்பதை அறிய வேறெதையும் பார்க்க வேண்டாம். இடப்பக்கத்துக் குளிர்ச்சியும் வலப்பக்கத்து வெம்மையும் தனித்தனியே கண்ணுக்குப் புலப்படுகின்றனவா என்று பார்த்தாலே போதும்.

முதலாவது பிரதியில் அது புலப்படவில்லை. அதை அச்சிட்ட ஸ்ரூடியோவின் பெயரையோ ஊரையோ இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் வழமையாகச் செய்யும் வேலையை எனக்கும் செய்தார்கள், நானும் விளக்கமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களிடம் ஆயத்தமாக இருந்த சட்டத்தின் அளவு 20க்கு 30 அங்குலம். மூல ஓவியமோ 90.2 சென்ரிமீற்றர் அகலமும் 124.5 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. 30 அங்குல உயரத்துக்கு அதைப் பெருப்பித்தால் அகலம் ஏறத்தாழ 21.7 அங்குலம் வரும். சட்டத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக இரண்டு பக்கத்திலும் முக்கால் அங்குலத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். வேறொரு படத்தில் இந்த இழப்பு தெரியாமலே போயிருக்கலாம். இந்தப் படத்திலோ வெட்டுப்பட்டது இடப்பக்கத்து யன்னலொளியின் ஒரு பகுதியும் வலப்பக்கத்துத் தீயொளியின் ஒரு பகுதியுமே.

அதைவிடப் பெரிய பிழை முகங்களில் நடந்திருந்தது. படம் ‘இருட்டாக’ இருப்பதாக எண்ணி, எனக்கு உதவி செய்வதாக நினைத்து, முழுப் படத்தின் வெளிச்சத்தையும் கூட்டி, முகங்களைத் தனியே எடுத்து வெளுப்பாக்கியிருந்தார்கள். கலியாண அல்பங்களில் மணமக்களின் நிறத்தைக் கேளாமலே வெளுப்பாக்கிக் கொடுப்பது நம் பக்கத்து ஸ்ரூடியோக்களில் வேரூன்றிவிட்ட வழக்கம். பெண்ணின் தாயாரே அதை எதிர்பார்த்து நிற்பதும் உண்டு. ஆனால் அந்தக் கை டானரின் முதியவர்மேல் பட்டபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது. கறுத்த முதியவரின் நெற்றியிலும் கன்னத்திலும் ஓவியர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மண்ணிறம், செம்மை, ஊதா எல்லாம் கரைந்து, சாம்பல் பூசியதுபோன்ற ஒரு முகம் மிஞ்சியிருந்தது. சிறுவனின் முகத்தில் நெற்றி எது, கன்னம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. அந்தப் பிரதியை நான் சுவரில் மாட்டவேயில்லை.

ஏன் அவ்வளவு வலித்தது என்பதைச் சொல்ல டானரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவர் 1859இல் பிற்ஸ்பேர்க்கில் பிறந்தவர். தந்தை ஆபிரிக்க மெதடிஸ்ற் திருச்சபையொன்றின் குருவாக இருந்து பின்னர் ஆயரானவர். தாயார் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர். பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் தோமஸ் ஈக்கின்ஸிடம் பயின்ற டானர், நிறவெறி தன் கையைக் கட்டிப்போடாத ஓரிடத்தைத் தேடி 1891இல் பாரிஸுக்குச் சென்றார். இடையில் நெருப்புக்காய்ச்சலில் விழுந்து, உடல் தேற்றிக்கொள்ள அமெரிக்காவுக்குத் திரும்பியிருந்த காலத்திலேயே இந்த ஓவியத்தை வரைந்தார். முன்னர் வட கரோலினாவின் மலைப்பகுதியில் தங்கியிருந்தபோது கண்ட ஏழைக் கறுப்பின மக்களின் வாழ்க்கை அதற்கு அடிப்படையாயிற்று. அந்நாள்களில் வெள்ளை இனத்து ஆட்டக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கையில் பாஞ்சோவுடன் மேடையேறி, கறுப்பின மக்களைச் சிரிப்புப் பொருளாக்கி ஆடும் கூத்துகள் அந்த நாடெங்கும் பெயர்பெற்றிருந்தன. பாஞ்சோ பிடித்த கறுப்பின மனிதன் என்றாலே பல்லைக் காட்டி இளிக்கும் ஒரு கோமாளி என்று படங்களிலும் விளம்பரங்களிலும் பதிந்துபோயிருந்தது. கறுப்பின மக்களின் வாழ்வை வரைந்த ஓவியர் பலர் அதன் நகைப்புக்குரிய பக்கத்தை மாத்திரமே கண்டார்கள் என்றும், அந்தக் கரடுமுரடான தோற்றத்துக்குள் இருக்கும் கனிவான நெஞ்சை உணரவில்லை என்றும் டானர் எழுதியிருக்கிறார். ஆகவே அதே வாத்தியத்தை எடுத்து, இளிப்பை நீக்கி, ஒரு பேரறிவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் கணமாக அதை வரைந்தார். அந்த முகங்களின் கருமையைத் தன் ஓவியத்தின் மிக அழகிய இடமாக ஆக்கினார். அந்தக் கருமையைக் குறைத்து அச்சிடும்போது, 130 ஆண்டுகளுக்கு முன்னர் அவர் திருத்தியதை நாம் திரும்பவும் அழித்துவிடுகிறோம்.

(படத்தின் பின்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1894இல் பாரிஸின் சலோன் கண்காட்சியில் அது இடம்பெற்றது. அதே ஆண்டில் வேர்ஜீனியாவிலுள்ள ஹம்ப்டன் நிறுவனத்துக்கு, விடுதலைபெற்ற கறுப்பின மக்களின் கல்விக்காக 1868இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்விக்கூடத்துக்குச் சென்றது. இன்றும் ஹம்ப்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டானர் 1937இல் பாரிஸில் காலமானார். அவர் இறந்து இவ்வளவு காலம் ஆகிவிட்டதால் இந்த ஓவியத்தைப் பிரதி செய்ய யாரிடமும் உரிமை வாங்க வேண்டியதில்லை. உரிமைக் கட்டணம் என்று யாராவது தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.)

இரண்டாம் முறை நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக பஸ்ஸில் வவுனியாவுக்குச் சென்று, பதாகைகளும் கன்வஸும் அச்சிடும் ஒரு சிறிய கடையில் நேரில் உட்கார்ந்து வேலையைச் செய்வித்தேன். நான் கொண்டுபோன கோப்பு இம்முறை பெரியது. அகலத்தில் 3,000 புள்ளிகளுக்கு மேலும் உயரத்தில் 4,200 புள்ளிகளுக்கு மேலும் இருந்தது. 20 அங்குல அகலத்துக்கு அச்சிடும்போது அங்குலம் ஒன்றுக்கு 150 புள்ளிகளாவது கிடைக்க வேண்டும் என்பதே கணக்கு. கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பிய சிறிய படத்தைக் கொடுத்தால், சிறுவனின் விரல்கள் ஐந்தும் ஒரே கட்டியாகிவிடும். கடையில் இருந்த தம்பியிடம் மூன்று விடயங்களைச் சொன்னேன்: ஓரங்களில் ஒரு நூலளவும் வெட்டக்கூடாது, வெளிச்சத்தையோ முகநிறத்தையோ தொடக்கூடாது, முழுப்படத்தை அடிக்க முன்னர் நான்கு அங்குல அகலத்தில் ஒரு மாதிரித் துண்டு அடித்துக் காட்ட வேண்டும். அவர் சலிப்பில்லாமல் கேட்டார். மாதிரித் துண்டை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது, கணினித் திரையில் இருந்ததைவிடக் கருமை கூடுதலாக இருந்தது. திரை தானே ஒளிவிடுவது, துணியோ பிறர் ஒளியில் தெரிவது, ஆகையால் இந்த வேறுபாடு எப்போதும் வரும் என்று அவரே விளக்கி, நிறங்களைக் கலைக்காமல் நிழற்பகுதிகளை மாத்திரம் மிகச் சிறிதளவு துலக்கி இன்னொரு துண்டு அடித்தார். இரண்டாவது துண்டில் முதியவரின் தாடியின் இடப்பக்கம் நீலச் சாயலோடும் வலப்பக்கம் மஞ்சட் சாயலோடும் இருந்தது. அதன் பிறகே முழுப்படத்துக்குச் சம்மதித்தேன். மாதிரித் துண்டுகளுக்கு அவர் பணம் வாங்கவில்லை. இந்தப் பொறுமைக்காகவே அந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

கன்வஸைச் சட்டத்தின் பக்கவாட்டிலும் சுற்றி அடிக்கும் முறையொன்று உண்டு. அதில் படத்தின் ஓரங்கள் மடிந்து மறைந்துவிடும். அதை வேண்டாம் என்று சொல்லி, நான்கு பக்கமும் இரண்டங்குல வெள்ளைத் துணி விட்டு வாங்கிக்கொண்டேன். பளபளப்புப் பூச்சுக்குப் பதிலாக மங்கல் பூச்சைக் கேட்டதும் நல்ல முடிவாயிற்று; இவ்வளவு கருமை நிறைந்த படத்தில் பளபளப்புப் பூசினால், எதிரே நிற்பவர் தன் நிழலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இனி நான் இந்தப் பிரதியில் ஒவ்வொரு நாளும் பார்க்கும் இடத்துக்கு வருகிறேன். அது முதியவரின் கை. முதற்பார்வையில் அவர் சிறுவனுக்கு ஸ்வரத்தைத் தொட்டுக் காட்டுகிறார் என்றே தோன்றும். கூர்ந்து பார்த்தால் அவர் வாசிக்கவேயில்லை. பாஞ்சோவின் கழுத்துப் பகுதியை மெல்லத் தாங்கி, அதன் பாரத்தைத் தான் வாங்கிக்கொண்டிருக்கிறார். தந்தியில் நடக்க வேண்டியது முழுவதும் சிறுவனின் விரல்களிடம் விடப்பட்டிருக்கிறது. பாரம் ஆசிரியருடையது, நாதம் மாணவனுடையது. மிருதங்கம் கற்பிக்கத் தொடங்கி இருபது வருடமாகியும் நான் சொல்லத் தெரியாமல் இருந்த ஒன்றை இந்தக் கை சொல்லிவிட்டது என்று உணர்ந்தபோது, என்னுடைய முதல் ஆசிரியரின் கை நினைவுக்கு வந்தது.

அவர் முள்ளியவளைப் பக்கத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர். கோவலன் கூத்துக்கு மத்தளம் வாசித்த கை அவருடையது. எனக்கு ஒன்பது வயதில் மத்தளத்தை இடுப்பில் கட்டிவிட்டார். கூத்துக்கு நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், உட்கார்ந்து பழகினால் பிறகு நிற்க வராது என்பது அவர் கொள்கை. மத்தளத்தின் பாரம் என்னை முன்பக்கமாக இழுக்கும். அவர் பின்னால் நின்று, கட்டியிருந்த வாரைத் தன் கையில் பிடித்துப் பாதிப் பாரத்தைத் தூக்கிக்கொள்வார். அந்த மணித்தியாலம் முழுவதும் அவர் தோலில் ஒரு தட்டுத் தட்டியதாக நினைவில்லை. சொற்கட்டை மாத்திரம் என் காதருகே சொல்வார். நான் பிழைத்தால் திரும்பவும் சொல்வார். சில வாரங்கள் கழித்து ஒரு பின்னேரம், பாரம் முழுவதும் என் இடுப்பிலேயே இருப்பதை உணர்ந்து திரும்பிப் பார்த்தேன். அவர் எப்போதோ வாரை விட்டுவிட்டு, திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

2009இல் நாங்கள் செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரும் அங்கே இருந்தார். மத்தளமும் தாளமும் வழியில் எங்கேயோ போய்விட்டன. ஆனாலும் தறப்பாள் கொட்டிலின் வாசலில் இரண்டு மூன்று பிள்ளைகளைக் கூட்டி, வெறும் தண்ணீர்க் கானைத் தன் முழங்காலில் சரித்துப் பிடித்து, அவர்களுடைய சின்னக் கைகளுக்கு எட்டும் உயரத்தில் வைத்துக்கொடுப்பார். அடிக்கிறது பிள்ளை, பிடித்துக்கொண்டிருக்கிறது அவர். ஊர் திரும்பி மூன்றாம் வருடம் அவர் காலமானார். டானரின் ஓவியத்தை முதன்முதலில் பார்த்த அன்று, முகம் வேறு, நாடு வேறு, வாத்தியம் வேறு என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் பட்டது. முதலில் கண்ணில் பட்டது அந்தப் பிடி.

வாத்தியமும் அவ்வளவு அந்நியமானதல்ல என்பதைப் பின்னர் அறிந்தேன். பாஞ்சோ ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வாத்தியங்களிலிருந்து பிறந்தது. ஆதியில் அதன் உடல் சுரைக்குடுவை, அதன் முகத்தில் இழுத்துக் கட்டியது தோல், அந்தத் தோலின்மேல் குதிரை என்னும் சிறு தாங்கு கட்டையை வைத்துத் தந்திகளை ஓட்டினார்கள். தந்தி வாத்தியம் என்று சொல்லப்பட்டாலும், ஒலிப்பது தோல்தான். மழைக்காலத்தில் தோல் தளர்ந்தால் நாதம் அமுங்கும் என்பதை மிருதங்கக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பில் இதை விளக்கியபோது, அதுவரை படத்தை ‘கிற்றார்ப் படம்’ என்று அழைத்துவந்த பிள்ளைகள் கிட்டப் போய் அந்த வட்டமான வெள்ளை முகத்தைப் பார்த்து, மிருதங்கத்தின் வலப்பக்க முகத்தை நினைத்து ‘வலந்தலை மாதிரி’ என்று சொல்லிக்கொண்டார்கள்.

படத்தை வாணி விழாவுக்கு முதல் நாள் மாட்டினேன். எங்கள் சுவரில் ஏற்கனவே வீணை ஏந்திய சரஸ்வதியும் நடராசரும் சுவாமி விபுலானந்தரும் இருக்கிறார்கள். ஏடு தொடக்கப் பேரனைக் கூட்டிவந்த ஒரு பெரியவர், ‘தம்பி, எங்கடை ஆக்களின்ரை படங்கள் இவ்வளவு இருக்க, இது ஏன்?’ என்று மரியாதையோடுதான் கேட்டார். நியாயமான கேள்வி. தெய்வமும் மேதையும் இருக்கும் சுவரில், கற்பிக்கிற செயல் மாத்திரம் இல்லை என்று பதில் சொன்னேன். நம் வகுப்பறைகளில் தொங்கும் படங்கள் எல்லாம் கற்று முடித்தவர்களுடையவை. தடக்கித் தடக்கி வாசிக்கும் ஒரு பிள்ளையும், அதைப் பொறுத்திருக்கும் ஒரு முதியவரும் சேர்ந்திருக்கும் படம் நம்மிடம் எனக்குக் கிடைக்கவில்லை. நம் ஓவியர் ஒருவர் ஓர் அண்ணாவியாரையும் ஒரு சிறுவனையும் அப்படி வரைந்து தந்தால், அதை இதன் பக்கத்தில் மாட்ட இடம் விட்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் படத்தருகே சென்று சிறிது நேரம் நின்றார். பிறகு பேரனைத் தூக்கி அதைக் காட்டினார்.

பிள்ளைகள் பார்த்தது இன்னும் கூர்மையாக இருந்தது. வட இலங்கைச் சங்கீத சபையின் முதலாந்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் ஒரு சிறுமி, த, தி, தொம், நம் என்று பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவள் இடையில் நிறுத்தி, ‘சேர், அந்த அப்பு வாசிக்கேல்லை, பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறார்’ என்றாள். நான் யாருக்கும் அதுவரை அதைச் சொல்லியிருக்கவில்லை. அச்சு சரியாக வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்கு வேண்டியதில்லை. முதற்பிரதியில் அந்தக் கையும் வாத்தியமும் வெளுத்து ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

சட்டம் பற்றி. ஒட்டுசுட்டானில் தச்சுவேலை செய்யும் ஐயா ஒருவர் முதலில் பாலை மரத்தைச் சொன்னார்; உறுதியானதுதான், ஆனால் பாரம் கூடிவிடும். முதிரையின் மஞ்சட் பளபளப்பு படத்தின் தீயொளியோடு போட்டிபோடும் என்று எனக்குப் பட்டது. கடைசியில் தேக்கில், ஒன்றரை அங்குல அகலத்தில், சித்திர வேலை எதுவுமில்லாத சட்டமாக, கருமை கலந்த கபில நிற வார்னிஷ் பூசித் தந்தார். கண்ணாடி போடவில்லை. தூசி படியும் என்பது உண்மைதான். மாதம் ஒருமுறை உலர்ந்த மென்துணியால் மேலோட்டமாகத் துடைக்கிறேன், அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. வன்னியில் படங்களின் முதல் எதிரி கறையான். சுவரோடு ஒட்டிக் கிடக்கும் சட்டத்தின் பின்னால் அது ஏறியதைக் கண்ணாலே காண முன்னர் துணி போய்விடும். ஆகவே சட்டத்தின் நான்கு மூலைகளிலும் றப்பர்க் குமிழ் வைத்து, சுவருக்கும் படத்துக்கும் இடையே அரை அங்குலக் காற்றோட்டம் விட்டிருக்கிறேன். கடந்த மாரியில் சுவர் வியர்த்தபோதும் கன்வஸில் பூஞ்சணம் பிடிக்கவில்லை. நிறமும் இதுவரை மங்கவில்லை. நேர்வெயில் படாத சுவர் அது. அறையின் யன்னல் படத்துக்கு இடப்பக்கத்தில் அமையுமாறு இடம் தெரிந்தேன். காலை ஒன்பது மணியளவில் நம் யன்னல் வெளிச்சம், டானரின் யன்னல் வெளிச்சம் வரும் அதே திசையிலிருந்து படத்தில் விழுகிறது. அந்த நேரத்தில் படம் தன் சட்டத்துக்கு வெளியேயும் தொடர்வதுபோல இருக்கும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனால் இதைச் செய்யாதவர்கள் பிரதியின் பாதி அழகை இழந்துவிடுவார்கள்.

இந்தப் பிரதியால் தர முடியாதவையும் உண்டு. எண்ணெய் வண்ணம் தூரிகையில் எழும்பி நிற்கும் தடிப்பு அச்சில் வராது. கன்வஸின் நெய்தல் அதற்கு ஈடாகாது, சில இடங்களில் அது கன்னத்தின்மேல் வலைபோலத் தெரியவும் செய்கிறது. முதியவரின் உடையில் உள்ள ஆழ்ந்த கருமைகளுக்குள் ஓவியர் வைத்திருக்கும் வேறுபாடுகள் எங்கள் அச்சில் ஏறத்தாழ ஒரே கருமையாகிவிட்டன. வலப்பக்கத்துக் கீழ்மூலையில் தீயொளி வேண்டியதைவிடச் சிறிது சிவந்திருக்கிறது. மூல ஓவியம் நம் பிரதியைவிட உயரத்திலும் அகலத்திலும் முக்கால் மடங்களவு பெரியது என்பதையும் மறக்கக்கூடாது. அங்கே அந்த முதியவர் நம் எதிரே இருப்பதுபோலவே தோன்றுவார் என்று நினைக்கிறேன். இவ்வளவுக்கும் பிறகும் பத்துக்கு எட்டு என்று மதிப்பிடுவேன்.

அச்சுக்கடைகளின் பட்டியலில் சங்கீத வகுப்புக்கென்று வழமையாகக் காட்டப்படும் ஐரோப்பிய ஓவியங்களும் உண்டு. பிரித்தானிய அரச சேகரிப்பில் உள்ள, டச்சு ஓவியர் வெர்மியரின் இசைப்பாட ஓவியம் அவற்றுள் மிக அழகியது. ஆனால் அதில் மாணவி நமக்கு முதுகு காட்டி நிற்க, ஆசிரியர் விலகி நிற்கிறார், பளிங்குத் தரையும் கம்பளமும் கண்ணை இழுத்துக்கொள்கின்றன. செல்வர் வீட்டு வரவேற்பறைக்கு அது பொருந்தும். பிள்ளைகள் பாயில் அமர்ந்து பழகும் வகுப்புக்கு டானரின் படமே உகந்தது. பணம் குறைவானவர்கள் கன்வஸுக்குப் போகாமல், மங்கலான தடித்த தாளில் 12 அங்குல அகலமும் 16.5 அங்குல உயரமுமாக அடித்துக்கொள்ளலாம். ஏறத்தாழ மூல விகிதமே அது. என்னிடம் 900 ரூபா கேட்டார்கள். கருமை தாளில் இன்னும் நன்றாகவே வருகிறது. மாதிரித் துண்டு கேட்பதை மாத்திரம் விட்டுவிட வேண்டாம்.

அப்படி ஒன்றைத் தாளில் அடித்துத் தரும்படி சென்ற வாரம் சொல்லியிருக்கிறேன். அது முள்ளியவளையில் இருக்கும் அண்ணாவியாரின் மகளுக்கு. போன மாதம் வகுப்புக்கு வந்த அக்கா இந்தப் படத்தின் முன்னால் நின்று, ‘ஐயாவின்ரை படம் ஒண்டும் எங்களிட்டை மிஞ்சேல்லைத் தம்பி’ என்றார். சாமியறைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டப்போகிறாராம்; அங்கே யன்னல் வலப்பக்கத்தில் இருக்கிறது என்பதால், எதிர்ச்சுவருக்கு மாற்றலாமா என்று பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.